டியூஷனில் அவன் பெயர் அருண்

என் அக்கா மகனுக்கு 13 வயது, திக்குவாய். ப, த என்று தொடங்கும் சொல் வந்தால் அப்படியே அடைத்துக்கொண்டு கழுத்து நரம்பு புடைத்துவிடும். வீடு மதுரை பசுமலையில், ஆனால் ஷேர் ஆட்டோவில் ஏறினால் வாய்க்கு வருகிற மூலக்கரையைச் சொல்லி அங்கே இறங்கி நடந்தே வருவான்.

போன வருடம் டியூஷன் சார் அக்காவுக்கு போன் செய்து "அருண் ஏன்மா இன்னிக்கு வரல?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இவன் பெயர் 'பி'யில் தொடங்கும். மற்ற சொல் வராவிட்டால் வேறொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம், சொந்தப் பெயருக்கு என்ன செய்வது, அதனால் முதல் நாளே தன்னை அருண் என்று சொல்லிவிட்டிருக்கிறான். அக்கா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ஏன்டா என்று கேட்டதற்கு, "அருணுக்குத் திக்காது சித்தி" என்றான்.

நாக்கில் வசம்பு தேய்ப்பது, வாயில் கூழாங்கல் அடக்கிப் பேசுவது எல்லாம் பார்த்தாயிற்று. பேச்சுப் பயிற்சி தரும் ஒரு மேடத்திடம் கூட்டிப்போனோம். சின்ன வயதில் 100 பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு வருமாம், பெரும்பாலும் தானே சரியாகிவிடுமாம், 100க்கு ஒருவருக்குத்தான் தங்கிவிடும், அதிலும் பையன்களுக்கே அதிகம், வளர்ப்பு காரணமே இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் அக்கா முகத்தில் உயிர் வந்தது. வகுப்பில் எல்லாரும் சேர்ந்து குறள் சொல்லும்போது இவனுக்குத் திக்காது, அதுவும் இயல்புதானாம்.

அப்புறம் அவர் தந்த பயிற்சி: வேண்டுமென்றே திக்கு, கடையில் "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று நீயே முதலில் சொல். திக்கலை மறைக்க நாம் படுகிற பாட்டால்தான் பாதி அடைப்பு என்றார். ஆரம்பத்தில் இவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போது ஷேர் ஆட்டோவில் "ப...ப... பசு..." என்று இழுக்கிறான், பக்கத்தில் இருப்பவர் முடித்துவைக்கப் போனால் "நானே சொல்லிருவேன்" என்கிறான். டியூஷனிலும் தன் பெயரை அவனே சொல்லித் திருத்திவிட்டான். போன் மணி அடித்தால் மட்டும் இன்னும் எழுந்து போய்விடுகிறான், அதற்கு நாளாகும்.

தன்னைப்போல் திக்கும் இன்னொரு பையனை அவன் இதுவரை பார்த்ததே இல்லை. மதுரைப் பக்கம் யார் வீட்டிலாவது இந்த வயதில் பிள்ளை இருந்தால் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு வருகிறேன்.