குதிரைச் சவாரித் தொழில் தொடங்கியவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு நாளைச் சொல்லுங்கள்

பதிவு 1

நான்கு குதிரைகளோடு ஆரம்பித்த முதல் மாதம். கிளம்பும்போது சேணத்தைப் பிடித்து நிறுத்தும் வயிற்று வாரை நானேதான் இழுத்துக் கட்டினேன். வார் இறுக்கும்போது குதிரை உடம்பை உப்பிக்கொள்ளும், பத்து நிமிடம் நடந்ததும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வந்தவர்களோடு பேசிக்கொண்டே போனதில் மறந்துவிட்டேன். சரிவில் ஏறும்போது பின்னால் ஒரு சத்தம். திரும்பினால் சேணம் விலாப் பக்கம் சுழன்று கிடக்கிறது, சவாரிக்கு வந்த பெண் ஒரு கால் அங்கவடியில், அதாவது கால் வைக்கும் வளையத்தில், மாட்டியபடி தரையில். குதிரை மிரண்டு ஓடியிருந்தால் அவரையும் இழுத்துக்கொண்டுதான் ஓடியிருக்கும். ஓடவில்லை. காதை மட்டும் பின்னால் திருப்பி, நான் வந்து காலை விடுவிக்கும் வரை ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. சரியான மந்தம், விற்றுவிடலாம் என்று முந்தின வாரம்தான் நினைத்திருந்தேன், அதே குதிரை.

பதிவு 2

எனக்கு வார் இல்லை, எடை. சேணத்தையும் சேர்த்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பார்கள். என்னுடையது 400 கிலோ, ஆக 80. வந்தவர் ஒருவரே 100 கிலோவுக்குக் குறையமாட்டார். முன்பணம் கட்டியிருந்தார், குழந்தைகளை வேறு கூட்டி வந்திருந்தார், அவர்கள் முன்னால் எடையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று மணி நேரம் சவாரி. சாயங்காலம் சேணத்தை இறக்கி முதுகில் கை வைத்தேன், என் கைக்குக் கீழிருந்து முதுகை அப்படியே தாழ்த்தி விலகிக்கொண்டது. கொஞ்ச நாளில் சேணம் அழுத்திய இடத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை மயிர் முளைத்தது. கறுப்புக் குதிரை. அழகாக இருக்கிறதே, பிறவியிலேயே இப்படியா என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

பதிவு 3

முதல் பதிவில் பழியை வார்மேல் மட்டும் போட்டிருப்பதை நான் ஏற்கவில்லை. முதுகுக்குப் பொருந்திய சேணமாக இருந்தால் வார் சற்றுத் தளர்ந்தாலும் அவ்வளவு சுலபமாகச் சுழலாது. என் கதை சின்னது. வழியில் ஒரு வேலிக் கதவைச் சாத்தாமல் வந்துவிட்டோம், நிலத்துக்காரரின் மாடுகள் சாலைக்கு வந்துவிட்டன. மறுநாள் கதவில் பூட்டு. அவர் கத்தவே இல்லை, பூட்டைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அதனால் புதிதாக இறங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், குதிரை வாங்குவதற்கு முன்னால் பாதைக்கு நிலத்துக்காரரின் அனுமதியை உறுதி செய்யுங்கள், வாய்ப் பேச்சு போதாது, எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், ஆள் வராத மாதங்களைக் கணக்கெடுங்கள். சவாரி இல்லாத நாளிலும் குதிரை சாப்பிடும், 400 கிலோக் குதிரைக்கு உலர்புல் மட்டுமே நாளைக்கு 6 முதல் 8 கிலோ. லாடம் அடிப்பவர் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வந்தாக வேண்டும், அவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்? மருத்துவர்? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்து விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு தரையில் புரள ஆரம்பித்தால், விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. சவாரி செய்பவருக்குத் தலைக்கவசம், காப்பீடு, இரண்டும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். ஆளைப் பார்த்துக் குதிரை கொடுக்காமல், குதிரையைப் பார்த்து ஆளை ஏற்றுங்கள்.

பதிவு 4 (முதல் பதிவு எழுதியவன்)

சேணம் அந்தக் குதிரைக்கே அளவெடுத்துச் செய்தது. தவறு என்னுடையதுதான், சேணத்தின் மேல் போட விருப்பமில்லை. இப்போது பத்தாவது நிமிடத்தில் யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் இறங்கிவிடுகிறேன். அந்தக் குதிரையை விற்கவும் இல்லை, புதிதாக வருகிறவர்களை அதன்மேல்தான் ஏற்றுகிறேன். இரண்டாம் பதிவு எழுதியவரே, உங்கள் குதிரை எப்படி இருக்கிறது?

பதிவு 5 (இரண்டாம் பதிவு எழுதியவன்)

ஆறு மாதம் சேணமே போடவில்லை. இப்போது குழந்தைகளை மட்டும் ஏற்றுகிறேன், நன்றாகவே நடக்கிறது. சேணத்தைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில் போனால் மட்டும் தோல் சிலிர்க்கிறது.