புதுப்பிப்பு: கிளட்ச் வேலைக்குப் பிறகு வந்த அதிர்வு நின்றுவிட்டது

கிளட்ச் மாற்றியதிலிருந்து என் பழைய டீசல் ஜீப் 60-ஐத் தாண்டினால் தரையெல்லாம் நடுங்குகிறது என்று எழுதியிருந்தேன். பலரும் வீல் பேலன்ஸ் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன், மாற்றமில்லை.

ஞாயிறு காலை நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் 70-க்குக் கொண்டுபோய் நியூட்ரலில் விட்டேன். எஞ்சின் சத்தம் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. எஞ்சின், கிளட்ச் மேல் இருந்த சந்தேகம் அங்கேயே போய்விட்டது.

அப்புறம் வள்ளியூரில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி அடியில் படுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத் துணியால் துடைத்தார். "இங்க பாருங்க தம்பி" என்றார். ஷாஃப்ட்டின் இரு துண்டுகளும் பல்லோடு பல் பொருந்திச் சேரும் இடத்தில், கிரீஸ் அழுக்குக்கு அடியில் இரண்டு அம்புக்குறிகள். நேருக்கு நேர் நிற்க வேண்டியவை இரண்டு பல் தள்ளி நின்றன. கிளட்ச் வேலைக்காகக் கழற்றியவர்கள் குறி பார்க்காமல் மாட்டியிருக்கிறார்கள். வளைவான கோணத்தில் சுற்றும்போது ஒரு முனையில் உள்ள கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு) உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மறுமுனைக் கிராஸ் ஈடுகட்ட வேண்டும். கிராஸைப் பிடித்திருக்கும் கவையான யோக், இரு முனையிலும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் அது நடக்காது. ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதறும்.

குறியைச் சேர்த்து மாட்டினார், அவ்வளவுதான். காவல்கிணறு வரை 80-இல் போனேன். கியர் கம்பியில் வைத்த கை சும்மா இருந்தது. அந்த அண்ணாச்சிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். பின் கிராஸில் லேசான ஆட்டம் இருக்கிறதாம், அடுத்த வாரம் மாற்றுகிறேன்.