ஜெல்லி பவுடர் சைவமா? மாடியில் விருந்து, மே மாத வெயில், கண்டிப்பான மாமியார்

திருமங்கலம் மருமகள்:
வரும் ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள். மொட்டை மாடியில் பந்தல் போட்டு மதியச் சாப்பாடு. கலர் கலராக ஜெல்லி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கேக் சாமான் விற்கும் கடையில் ஜெலட்டின் கேட்டேன். பிளாஸ்டிக் கவரில் கட்டிய மஞ்சள் தூளைக் கொடுத்தார்கள். கவரில் பேரும் இல்லை, புள்ளியும் இல்லை. "எல்லாம் வெஜ்தாம்மா" என்கிறார் கடைக்காரர். என் மாமியார் முட்டை வேகவைத்த பாத்திரத்தையே வாசலைத் தாண்டி உள்ளே விடமாட்டார். எதிர்வீட்டு முஸ்லிம் பிள்ளைகளும் வருவார்கள், அவர்கள் வீட்டிலும் ஜெலட்டின் என்றால் யோசிப்பார்கள். இந்தத் தூளைப் போடலாமா, கூடாதா?

செல்லூர் சமையல்காரர்:
போடாதீங்க தங்கச்சி. ஜெலட்டின் என்று சொல்லிக் கொடுத்தால் அது மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல், இல்லையென்றால் மீன் தோல். செடியிலிருந்து ஜெலட்டின் வராது. "வெஜ் ஜெலட்டின்" என்று சிலர் விற்பது கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகரோ கராஜீனனோதான், பெயர் மட்டும் அப்படி.

ஆட்டுக்கால் சூப்பை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டியாக நடுங்குமே, அதுதான் ஜெலட்டின். ஆலையில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். எலும்பை அமிலத்தில் ஊறப்போட்டு சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டு, வாரக்கணக்கில் சுண்ணாம்பு நீரில் வைத்து, வெந்நீரில் இறக்கி, வடிகட்டிக் காய வைக்கிறார்கள். பன்றித் தோலென்றால் அமிலத்தில் ஊறினாலே போதும், வேலை சீக்கிரம் முடிந்துவிடும். கடைசியில் வாசமும் ருசியும் இல்லாத தூள். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பாக்கெட்டில் வாங்கினால் புள்ளியைப் பாருங்கள். பச்சை வட்டம் சைவம். அசைவத்துக்கு இப்போது பழுப்பு முக்கோணம். பொருள் பட்டியலில் எண் மட்டும் இருந்தால் 428 ஜெலட்டின், 406 அகர், 407 கராஜீனன், 440 பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின். லூசில் கட்டிக் கொடுப்பதை யார் சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள்.

சரி, விருந்துக்கு வருவோம். மே மாதம், மொட்டை மாடி, மதியம். சைவமே பிரச்சினை இல்லை என்றாலும் அங்கே ஜெலட்டின் நிற்காது. 35 டிகிரிக்கே உருகிவிடும். வாயில் வைத்ததும் கரைகிறது என்று எல்லோரும் புகழ்வதும் அதே குணத்தைத்தான். நம்ம ஊர் வெயிலில் அது தட்டிலேயே கரைந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது சைனா கிராஸ் ஜெல்லி. அந்த அகரைத்தான் கடையில் சைனா கிராஸ் என்கிறார்கள். கல்யாணப் பந்தியில் இளநீர் புட்டிங் எல்லாம் இதில்தான் போடுகிறோம். ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி தாண்டாமல் உருகாது.

10 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்குச் சரியாக இருக்கும். கத்தரியால் நறுக்கி அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள். அப்புறம் அதே தண்ணீரோடு சிறு தீயில் கொதிக்கவிட்டு, கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி நூல் மாதிரி ஓடுகிறதா? இன்னும் கரையவில்லை. நூல் போன பிறகுதான் சர்க்கரை. பால் சேர்ப்பதென்றால் சூடான பால் மட்டும். ஃபிரிட்ஜ் பாலை ஊற்றினால் அந்த இடத்திலேயே திரிதிரியாக உறையும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகு. புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் இறுக்கம் போய்விடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது குலுங்காது. கடித்தால் நறுக்கென்று உடையும். டிவி விளம்பரத்தில் ஆடுகிற மாதிரிதான் வேண்டும் என்று பாப்பா அடம்பிடித்தால், பச்சைப் புள்ளி போட்ட ஜெல்லி மிக்ஸ் வாங்குங்கள். அதில் பெரும்பாலும் கராஜீனன் இருக்கும். என் ஓட்டு சைனா கிராஸுக்கே.

மண்டபம்காரன்:
அண்ணன் சொன்ன சைனா கிராஸ், கராஜீனன் இரண்டுக்குமான பாசி எங்கள் மண்டபம் கடலில் விளைவதுதான். சைனா கிராஸ் எடுக்கிற பாசியில் ஒன்றை இங்கே மரிக்கொழுந்துப் பாசி என்போம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பெண்கள் முக்குளித்து, பாறையிலிருந்து கையால் பறிப்பார்கள். விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பாறை கிழித்துவிடும். கராஜீனனுக்கான பாசியை மூங்கில் மிதவையில் கயிறு கட்டி வளர்க்கிறோம். மதுரைப் பக்கமே அகர் எடுக்கும் ஆலைகள் உண்டு. அதனால் 'சைனா' என்ற பேரைப் பார்த்து வெளிநாட்டுச் சாமான் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நோன்பு நேரத்தில் எங்கள் வீட்டில் ரோஸ் கலரில் கடல்பாசி, அதாவது சைனா கிராஸ் ஜெல்லி, இல்லாமல் ஒரு நாளும் போகாது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் தட்டைக் காலி செய்துவிடுவார்கள், பாருங்கள்.

லேப் தம்பி:
கல்லூரியில் நுண்ணுயிரியல் லேப் பார்க்கிறேன். நாங்கள் பாக்டீரியா வளர்க்கும் தட்டிலும் இதே அகர்தான். முதலில் ஜெலட்டின்தான் போட்டுப் பார்த்தார்கள். சூட்டில் இளகியது, போதாததற்குச் சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கின. 1881இல் ஃபானி ஹெஸ்ஸே என்ற பெண்மணி தன் சமையலறை அகரை, கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கிடம் வேலை பார்த்த கணவருக்குச் சொல்ல, கோக்கின் ஆய்வகம் அதை எடுத்துக்கொண்டது. கோடையில் ஜெல்லி நிற்கவேண்டும் என்ற கவலை அந்த அம்மாவுக்கும் இருந்திருக்கிறது!

இன்னொன்று, மாத்திரை கேப்ஸ்யூல் கூடும் பெரும்பாலும் ஜெலட்டின்தான். உங்கள் மாமியாருக்கு இதை நான் சொல்லவில்லை.

திருமங்கலம் மருமகள்:
ஐயோ தம்பி, அவர் தினமும் ஒரு கேப்ஸ்யூல் போடுகிறார். அதை விட்டுவிடுவோம்!

அண்ணே, அன்னாசித் துண்டு போடலாமா? ஜிகர்தண்டாவுக்கு வாங்கிய பாதாம் பிசினும் வீட்டில் கிடக்கிறது. அதையே கரைத்து ஊற்றினால் உறையுமா?

செல்லூர் சமையல்காரர்:
அன்னாசி தாராளமாகப் போடலாம். பச்சை அன்னாசி, பப்பாளி இரண்டும் ஜெலட்டினை உறையவே விடாது, அதிலுள்ள நொதி புரதத்தை அறுத்துவிடும். சைனா கிராஸில் உறைய வைப்பது புரதம் இல்லை, பயமில்லை. சாறு அதிகம் இறங்கும் பழம், அதனால் துண்டைக் கொஞ்சம் வடித்துப் போடுங்கள்.

பிசின் ஊறி உப்பும், அவ்வளவுதான். உறையாது, கரைத்து ஊற்றியும் பயனில்லை. முந்தின ராத்திரி ஊறப்போட்டு, ஜெல்லித் துண்டுக்கு மேல் ஒரு கரண்டி வைத்து, நன்னாரி சர்பத் சுற்றிவிடுங்கள். ஜெல்லியைச் சனி ராத்திரியே ஊற்றி மூடி வையுங்கள். ஞாயிறு காலையில் துண்டு போட்டால் போதும்.