‘திருத்தம்’ ஒன்றே எல்லாவற்றுக்கும் போதாது: காற்று-எரிபொருள் விகித உணரிக்கு என் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

எஞ்சினில் காற்றும் எரிபொருளும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்று புகைக்குழாயில் இருந்துகொண்டு காட்டுவது காற்று-எரிபொருள் விகித உணரி (லாம்ப்டா சென்சார்). அழுத்தம், வெப்பம் என இயங்கும் நிலை மாறும்போது அதன் அளவைச் சரிசெய்வதற்குத் தமிழ்ச் சொல்லாக ‘அளவுத்திருத்தம்’ (calibration) என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலூர்ப் பக்கம் ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன், இந்த ஓர் இடத்தில்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள், காரணம் மூன்று வேறு வேலைகளுக்கும் நாம் ‘திருத்தம்’ என்றே சொல்லிவிடுகிறோம்.

ஏலகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சுமார் 1,100 மீட்டர் உயரம், வேலூர் நகரமோ 200 மீட்டரைச் சற்றே தாண்டும். மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, சைலன்சர் குழாய்க்குள்ளும் அழுத்தம் குறைகிறது. அகலவீச்சு (wideband) லாம்ப்டா சென்சார் வேலை செய்வது, அதன் உள்ளறைக்குள் ஆக்சிஜனைத் தள்ளவோ வெளியேற்றவோ பாயும் பம்ப் மின்னோட்டத்தை வைத்து, அந்த மின்னோட்டமோ புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதோடு அழுத்தத்தையும் சார்ந்தது. அதனால் மேலே போனதும் லீன் கலவை (காற்று மிகுந்தது) கொஞ்சம் குறைந்த லீனாகவும், ரிச் கலவை (எரிபொருள் மிகுந்தது) கொஞ்சம் குறைந்த ரிச்சாகவும் தெரியும். லாம்ப்டா, அதாவது உள்ள காற்றுக்கும் முழுதாய் எரியத் தேவையான காற்றுக்கும் உள்ள விகிதம், சரியாக 1 ஆக இருக்கும் இடத்தில் மட்டும் பம்ப் மின்னோட்டமே சுழியம், அங்கே அழுத்தம் எதையும் கெடுக்காது. இப்படி வரும் பிழையை ஈசியூ (எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி) அழுத்தத்தைக் கணக்கில் எடுத்துக் கழிக்கிறதே, அதற்குத்தான் நமக்குத் தனிச்சொல் வேண்டும்.

அதே மலையில் இறங்கும்போது நடப்பது வேறு. கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் எரிபொருள் நின்றுபோகும், 14 கொண்டை ஊசி வளைவுகளில் இதற்கு வாய்ப்பு நிறையவே உண்டு. அப்போது உணரியைத் தொடுவது வெறும் காற்று, அதில் ஆக்சிஜன் சுமார் 20.9 விழுக்காடு என்பது முன்பே தெரிந்த அளவு. காட்டுவதை அதோடு ஒப்பிட்டு, உணரி பழசாகி நகர்ந்திருந்தால் ஈசியூ சரி செய்துகொள்கிறது. தெரிந்த அளவோடு ஒப்பிடும் இந்த வேலைக்குத்தான் ‘அளவுத்திருத்தம்’ கச்சிதமாகப் பொருந்தும். மூன்றாவது, உணரி சொன்னதைக் கேட்டு இன்ஜெக்டர் தெளிப்பைக் கூட்டிக் குறைப்பது. அதில் உணரியின் அளவு மாறுவதே இல்லை, எரிபொருள்தான் மாறுகிறது, எனவே ‘எரிபொருள் நிரவல்’ (fuel trim) என்கிறேன்.

முதலாவதற்கு, அதாவது அழுத்தத்தால் வரும் பிழையைக் கழிப்பதற்கு, என் பரிந்துரை ‘நிலைசார் ஈடுகட்டல்’. சுருக்கமாக ‘அழுத்த ஈடு’, ‘வெப்ப ஈடு’ என்று பிரித்துக்கொள்ளலாம். ‘ஈடு கட்டுறது’ என்றால் மெக்கானிக்குக்கும் புரியும். ‘தடைகட்டல்’ என்று இன்னொரு நண்பர் சொன்னது நல்ல தமிழ், எண்ணெய்க்கடையில் பாத்திரத்தின் எடையைக் கழிக்கத் தடை கட்டி நிறுப்பதை அறிந்தவர்கள் ரசிப்பார்கள், ஆனால் அங்கே கழிவது ஒரே நிலையான எடை, இங்கே பிழை கலவைக்கேற்பப் பெருகும், 1-இல் மறையும். அப்புறம் உணரிச் சூடாக்கியின் மின்தடையும் இதே பாடத்தில் வருகிறது, அதனால் ‘தடை’ வேண்டாம்.

E20 பெட்ரோலை (20 விழுக்காடு எத்தனால் கலந்தது) இந்தத் தலைப்பில் சேர்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண பெட்ரோலுக்கு லாம்ப்டா 1 என்றால் எடையில் ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று, E20-க்கு அது ஏறக்குறைய 13.5. மீட்டர் லாம்ப்டாவைப் பழைய 14.7-ஆல் பெருக்கி, E20-க்கும் 14.7 என்றே காட்டும், உணரியோ சரியாகத்தான் சொல்கிறது. இது வெறும் அலகு மாற்றம், ஈடு கட்ட இங்கே பிழையே இல்லை. அதனால் பாடத்தில் லாம்ப்டாவையே முதன்மை அளவாக வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

‘பம்ப் மின்னோட்டம்’ என்பதற்கு ‘ஏற்று மின்னோட்டம்’ போதுமா? உணரியின் உள்ளறையிலிருந்து ஆக்சிஜன் லீனில் வெளியே போகிறது, ரிச்சில் உள்ளே வருகிறது, இரண்டு திசைக்கும் பொருந்துகிற சொல் கிடைத்தால் அனுப்புங்கள்.