பசோபனிப்போடு கஞ்சா எண்ணெய் எடுப்பவர்களின் லேபிள், எல்எஃப்டி (கல்லீரல் ரத்தப் பரிசோதனை) தேவை

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து சார்கோமா (மென்திசு, எலும்பில் வரும் புற்றுநோய்) நோயாளிகளுக்காக, பசோபனிப் என்ற புற்றுநோய் மாத்திரையோடு கஞ்சா எண்ணெய் எடுப்பது பற்றித் தமிழில் ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் உதவி வேண்டும்.

கன்னாபினாய்டு (கஞ்சாவில் உள்ள வேதிப்பொருள்கள்) மென்திசுப் புற்றுக்கட்டியைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் கிடைத்த தடயங்கள்தான் இருக்கின்றன, மனிதர்களில் நிரூபணமாகவில்லை. கீமோ வாந்திக்கு டிரோனாபினால் (மருந்தாகச் செய்த டிஎச்சி, அதாவது கஞ்சாவின் போதை தரும் பொருள்) கொடுப்பது வேறு விஷயம். எங்கள் கவலை கல்லீரல். பசோபனிப்பை உடைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியை சிபிடி (கஞ்சா எண்ணெயில் உள்ள ஒரு கன்னாபினாய்டு) தடுக்கக்கூடும். மருந்து ரத்தத்தில் தேங்கலாம். இரண்டுமே தனித்தனியாக எஸ்ஜிபிடியை (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவை) ஏற்றக்கூடியவை. போதாததற்கு, கொழுப்பு உணவோடு போட்டால் பசோபனிப் அதிகமாக உறிஞ்சப்படும். சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போ போடச் சொல்வது அதனால்தான்.

எண்ணெய் எடுப்பவர்கள் பாட்டில் லேபிளின் முன்பக்க, பின்பக்கப் படம் அனுப்புங்கள். ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் சிபிடி, எத்தனை டிஎச்சி, பேட்ச் எண் எல்லாம் தெரிய வேண்டும். தினசரி அளவை மில்லியில் சொல்லுங்கள். டிராப்பருக்கு டிராப்பர் சொட்டு மாறும். தொடங்குமுன்னும் பின்னும் எடுத்த எல்எஃப்டியும் முக்கியம். பெயரையும் ஆஸ்பத்திரி எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ எங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே உங்கள் டாக்டரைப் பாருங்கள். எண்ணெய் எடுப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.