விக்கிப்பீடியா வரைவை யாரிடம் காட்டுவது? ஒரு குளமும் ஒரு அண்ணாவியாரும்

முத்தையன்கட்டு வாசி:

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு என்று இரண்டு கட்டுரை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று ஒட்டுசுட்டான் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்க் குளம். முத்தையன்கட்டு மாதிரிப் பெரிய குளம் இல்லை, ஊர் வயலுக்கு மட்டும் தண்ணீர் கொடுக்கிற சின்னக் குளம். மற்றது, கோவலன் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒருவர். அவர் காலமாகிவிட்டார்.

பதிப்பிக்க முன்னர் விஷயம் தெரிந்த யாராவது பார்த்துப் பிழை சொன்னால் நல்லது என்று நினைக்கிறேன். மணல்தொட்டியில், அதாவது விக்கியில் எழுதிப் பழகுகிற என் சொந்த வரைவுப் பக்கத்தில், சேமித்தேன். எனக்கு வரவேற்புச் செய்தி போட்ட பயனரின் பெயரை என் பேச்சுப் பக்கத்தில் இணைப்பாகக் கொடுத்து, "வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. முகநூலில் போட்டால் "அருமை தங்கச்சி", "வாழ்த்துகள்", கூடவே ஒரு பூங்கொத்துப் படம். பிழை சொல்லத்தான் ஆளில்லை.

இன்னொரு சிக்கல். குளத்தைப் பற்றிய விவரம் முழுக்கக் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பில் கேட்டு எழுதினது. அண்ணாவியாரின் கூத்துக் கொப்பிகள் எல்லாம் 2009 போர் இடப்பெயர்வோடு போய்விட்டன. வீட்டில் மிஞ்சியது அவருடைய கல்வெட்டு மட்டும்தான், அதாவது அந்தியேட்டிச் சடங்குக்கு அடித்த நினைவுப் புத்தகம். இதை வைத்து எழுதலாமா?

மாங்குளம் சந்தி:

முதலில் அந்தச் சத்தமில்லாத விஷயத்தைப் பார்ப்போம் தங்கச்சி. பெயரை இணைப்பாகக் கொடுத்தால் மட்டும் அவருக்கு அறிவிப்புப் போகாது. அதே சேமிப்பில் உங்கள் கையொப்பமும், அதாவது நான்கு அலைக்குறிகளும் (~~~~), இருக்க வேண்டும். பெயரை எழுதிச் சேமித்துவிட்டுக் கையொப்பத்தைப் பிறகு தனியாகச் சேர்த்தாலும் போகாது. உங்கள் பேச்சுப் பக்கத்தின் வரலாற்றைத் திறந்து பாருங்கள், என்ன நடந்தது என்று தெரியும். அறிவிப்புப் போகாவிட்டால் நீங்கள் கேட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. வரவேற்புச் செய்தி என்பது ஒரு வார்ப்புரு, எல்லோருக்கும் ஒரே மாதிரிப் போடுகிற ஆயத்தச் செய்தி. அதைப் போட்டவர் உங்கள் கட்டுரையைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டவர் இல்லை.

கேட்க வேண்டிய இடம், விக்கியில் உதவி கேட்பதற்கென்றே உள்ள ஒத்தாசைப் பக்கம். பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியிலும் கேட்கலாம், ஆனால் அங்கே திட்டம், போட்டி, கொள்கை என்று பொதுக் கதைகள் ஓடும், உங்கள் கேள்வி கீழே போய்விடும். எனக்குக் கைகொடுத்த இன்னொரு வழி இருக்கிறது. இலங்கைக் குளங்கள் பற்றி ஏற்கெனவே இருக்கிற கட்டுரைகளில் ஒன்றைத் திறந்து, அதன் வரலாற்றில் அண்மையில் திருத்தியவர் யார் என்று பார்த்து, அவருடைய பயனர் பேச்சுப் பக்கத்திலேயே போய்க் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் எழுதினால் அறிவிப்புத் தானாகவே போகும். குளத்தில் அக்கறை உள்ளவர் குளத்தைப் படிப்பார்.

கேட்கிற விதமும் முக்கியம். "பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் முழுக் கட்டுரையையும் படித்து, சான்று பார்த்து, கருத்து எழுத வேண்டும். தமிழ் விக்கியில் கட்டுரைகள் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டிவிட்டன, நாளாந்தம் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் கொஞ்சப் பேர். அதனால் சின்னதாகக் கேளுங்கள். "இந்தக் குளத்துக்குத் தனிக் கட்டுரை போடலாமா, ஊர்க் கட்டுரைக்குள் ஒரு பிரிவாக வைப்பதா?" இதற்கு ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவார். வரைவின் இணைப்பையும் கொடுங்கள், "என் மணல்தொட்டியில் இருக்கிறது" என்று சொல்லித் தேட விடாதீர்கள்.

கிளிநொச்சி மச்சான்:

ஏன் இந்தப் பாடு? எழுதுவது நாங்கள், வெட்டுவது வேறு யாரோ. ஊர்க் குளத்தைப் பற்றி ஊர்க்காரருக்குத் தெரியாததா? அதற்கும் புத்தகம் காட்டு, பேப்பர் காட்டு என்பார்கள். வன்னியில் இருந்த பேப்பர் எல்லாம் எங்கே போனது என்று அவர்களுக்குத் தெரியுமா? பேசாமல் ஒரு வலைப்பூவில் எழுதுங்கள் தங்கச்சி, யாரும் கை வைக்க மாட்டார்கள்.

மாங்குளம் சந்தி:

மச்சான், உங்கள் கோபம் விளங்குது. ஆனால் கமக்காரர் அமைப்புச் செயலாளர் சொன்னதைப் பொய் என்று யாரும் சொல்லவில்லை. தஞ்சாவூரிலோ ரொறன்ரோவிலோ இருந்து வாசிக்கிறவர் அதை எப்படிச் சரிபார்ப்பார் என்பதுதான் கேள்வி. அங்கே இதை மெய்யறிதன்மை என்று ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். அதுவும் இல்லாவிட்டால் நாளைக்கு ஒருவர் வந்து அந்தக் குளத்தைத் தன்னுடைய பாட்டன் கட்டினான் என்று எழுதுவார், நீங்களும் நானும் எதை வைத்து மறுப்பது?

வலைப்பூ யோசனை கெட்டதில்லை. ஊரார் சொன்ன கதைகளை அங்கே எழுதலாம். ஆனால் எழுதிவிட்டு அதையே விக்கியில் சான்றாகக் கொடுக்க முடியாது. நாமே எழுதி நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

வவுனியா நூலகி:

தங்கச்சி, பேப்பர் எல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வீட்டில் இருந்தது போயிருக்கலாம், அச்சில் வந்தது வேறு எங்காவது ஒரு பிரதி இருக்கும்.

ஈழத்து நூல்களையும் மலர்களையும் வருடிச் சேர்த்து வைக்கிற நூலகம் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். ஆனால் தேடுபெட்டியில் அண்ணாவியார் பெயரை மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பி வராதீர்கள். அங்கே உள்ளவற்றில் பெரும்பாலானவை பக்கங்களைப் படமாக வருடியவை, உள்ளே இருக்கும் சொல் தேடலில் அகப்படாது. பல மலர்களுக்குப் பொருளடக்கத்தைத் தட்டச்சுச் செய்து போட்டிருக்கிறார்கள், அது அகப்படும். ஆகவே ஊர்ப் பெயர், "கோவலன் கூத்து", கண்ணகி அம்மன் கோயில் உள்ள "வற்றாப்பளை" என்று சுற்றி வளைத்துத் தேடுங்கள். ஒட்டுசுட்டான், ஒட்டிசுட்டான் என்று இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள். பிரதேச பண்பாட்டு விழா மலர், கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை மலர் இவைதான் எங்களுக்குத் தங்கச் சுரங்கம். கூத்து அரங்கேறிய செய்தி, பழக்கியவர் பெயர், மத்தளம் அடித்தவர் பெயர் எல்லாம் பெரும்பாலும் அவற்றில்தான் கிடக்கும்.

கல்வெட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, காலமான நாள் இவற்றுக்கு அதைக் காட்டலாம். "ஈடிணையற்ற கலைஞர்" என்பதற்குக் காட்ட முடியாது, ஏனென்றால் அது குடும்பம் அடித்த புத்தகம். அந்தக் கல்வெட்டை வருடி நூலகத்துக்குக் கொடுங்கள். நினைவு மலர்களையும் அவர்கள் சேர்க்கிறார்கள். விக்கியில் கட்டுரை நின்றாலும் நிற்காவிட்டாலும் அது ஒரு இடத்தில் பத்திரமாக இருக்கும்.

குளத்துக்கு ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். 1895 இல் ஆங்கிலத்தில் வந்தது, வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றியது. உங்கள் குளத்தின் பெயர் அகப்பட்டால் ஆண்டைச் சேர்த்து எழுதுங்கள். அன்றைக்கு உடைந்து கிடந்த குளம் இன்றைக்குத் திருத்தப்பட்டிருக்கும், அன்றைய நிலையை இன்றைய நிலை போல எழுதிவிடக்கூடாது.

முத்தையன்கட்டு வாசி:

அக்கா, மிக்க நன்றி. அண்ணை, வரலாற்றைப் பார்த்தேன், நீங்கள் சொன்னதேதான், கையொப்பம் அடுத்த திருத்தத்தில்தான் இருக்கிறது.

குளக் கட்டுரையின் தொடக்கத்தை இங்கேயே போடுகிறேன், பிழையைச் சொல்லுங்கள்:

"எமது கிராமத்தின் உயிர்நாடியாகத் திகழும் இக்குளம் பன்னெடுங்காலத்துக்கு முன்னர் வன்னியை ஆண்ட மன்னர்களால் கட்டப்பட்டதாகும். இதன் எழில் காண்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்ளும். காலபோகம், சிறுபோகம் ஆகிய இரு போகங்களுக்கும் இக்குளம் நீர் வழங்குகின்றது. போரின் பின்னர் குளக்கட்டும் துருசும் (நீர் திறந்துவிடும் மதகு) திருத்தப்பட்டன."

மாங்குளம் சந்தி:

கடைசி இரண்டு வசனமும் கட்டுரை. முதல் இரண்டும் பாடசாலை விழாப் பேச்சு. கோவிக்க வேண்டாம், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதப் பழகினவர்கள்.

"எமது" என்றால் யாருடையது? வாசிக்கிறவர் ஒட்டுசுட்டான் எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வசனம் இப்படித் தொடங்கட்டும்: குளத்தின் பெயர், "இலங்கையின் வட மாகாணத்தில், முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பிரதேச செயலாளர் பிரிவில் உள்ள ஒரு சிறு நீர்ப்பாசனக் குளம்." அவ்வளவுதான். எழில் வேண்டாம், அதற்கு ஒரு படம் போடலாம்.

"மன்னர்களால்" என்பது எங்கே இருந்து வந்தது? யாராவது எழுதியிருந்தால் அவர் பெயரைச் சொல்லி எழுதுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். வன்னி என்றவுடன் மன்னர் வருவார், பிறகு வன்னியின் கடைசி மன்னர் என்று சொல்லப்படுகிற பண்டாரவன்னியனும் வந்துவிடுவார். கற்சிலைமடு நடுகல்லைப் பாருங்கள். 1803 ஒக்ரோபர் 31 அன்று பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததைத்தான் அந்தக் கல் சொல்கிறது. அதையே சாட்சியாகக் காட்டி, அவர் அன்றே இறந்தார் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சான்றில் உள்ளதற்கு மேலே ஒரு அடி வைத்தாலும் அங்கே பிடிபடும்.

"திருத்தப்பட்டன" என்றால் எந்த ஆண்டு, எந்தத் திட்டத்தில்? குளக்கட்டில் பெயர்ப்பலகை இருந்தால் பார்த்து வாருங்கள், ஆனால் அது மட்டும் போதாது.

வான்கதவு:

நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து இளைப்பாறினவன். பிள்ளை, உன் குளம் பாய்ச்சுகிற பரப்பு முதலில் எவ்வளவு என்று பார். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்குக் குறைவென்றால் அது சிறு குளம், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் போய்க் கேட்டு அலைய வேண்டாம். மாவட்டச் செயலகம் வெளியிடுகிற புள்ளிவிபரக் கைநூலையும் பார், அச்சில் வந்தது என்றபடியால் சான்றாகக் காட்டலாம். ஆண்டும் பக்க எண்ணும் குறித்துக்கொள்.

ஆழம் எழுதும்போது கவனம். குளத்தின் ஆழம் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் துருசின் அடிமட்டத்திலிருந்து வான் பாயும் மட்டம் வரைக்கும், அதாவது குளம் நிரம்பி மிகுதித் தண்ணீர் வெளியேறுகிற மட்டம். இரணைமடுக் குளம் 36 அடி என்று மாரியில் செய்தி வருமே, அதுவும் அளவுகோலில் பார்த்துச் சொல்கிற கணக்குத்தான். குளத்தின் ஆகப் பள்ளமான இடம் அது இல்லை. கொள்ளளவு ஏக்கர் அடியில் இருந்தால் அப்படியே எழுதி, பக்கத்தில் கன மீற்றரும் போடு. ஒரு ஏக்கர் அடி ஏறத்தாழ 1,233 கன மீற்றர். இந்தியாவில் வேறு அளவு பாவிக்கிறார்கள், அவர்களுக்கும் விளங்க வேண்டும்.

கிளிநொச்சி மச்சான்:

வான்கதவு ஐயா சொன்னதை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம் போல இருக்கிறதே.

முத்தையன்கட்டு வாசி:

ஐயா, பரப்பு 200 ஏக்கருக்குக் குறைவுதான். அப்படியென்றால் தனிக் கட்டுரை நிற்குமா?

அண்ணாவியாரைப் பற்றி ஒன்று சொல்லவில்லை, அவர் என் அம்மப்பா. கலாபூஷணம் விருது பெற்றவர். விருதை வைத்துக் கட்டுரை போடலாமா?

வவுனியா நூலகி:

கலாபூஷணம் ஒவ்வோர் ஆண்டும் நாடு முழுக்கப் பல கலைஞர்களுக்குக் கொடுக்கப்படுகிற அரச விருது. அது அவருடைய தகுதிக்கு ஒரு ஆதாரம், ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்துக் குறிப்பிடத்தக்கமையை, அதாவது தனிக் கட்டுரைக்கு விக்கி கேட்கிற தகுதியை, காட்டுவது கஷ்டம். குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்கள் அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதிய இரண்டு மூன்று கட்டுரையாவது வேண்டும். பெயர் மட்டும் வருகிற அழைப்பிதழ் உதவாது.

அம்மப்பா என்பதைப் பேச்சுப் பக்கத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள். சொந்தக்காரர் எழுதக்கூடாது என்று இல்லை, சொல்லாமல் எழுதினால்தான் பிறகு சந்தேகம் வரும். "அவர் என் உறவினர், ஆகவே நடுநிலை தவறியிருந்தால் சுட்டிக்காட்டுங்கள்" என்று கேட்டால் அதுவே ஒரு நல்ல கேள்வி, ஆட்கள் வந்து பார்ப்பார்கள்.

இப்போதைக்குச் சான்று போதாவிட்டால், கோவலன் கூத்துப் பற்றிய கட்டுரையில் முல்லைத்தீவில் பழக்கியவர்கள் என்று ஒரு பகுதியில் அவர் பெயரை மலரின் சான்றோடு சேர்க்கலாம். அந்தக் கட்டுரை இல்லாவிட்டால் முதலில் அதையே எழுதுங்கள். எனக்குக் கேட்டால் அதுதான் அவருக்கும் பெரிய மரியாதை.

மாங்குளம் சந்தி:

குளத்துக்கு: ஊர்க் கட்டுரையில் "நீர்ப்பாசனம்" என்று ஒரு பிரிவு போட்டு அதற்குள் வையுங்கள். குளத்தின் பெயரில் அந்தப் பிரிவுக்கு ஒரு வழிமாற்று உருவாக்கினால் தேடுகிறவருக்கு அகப்படும். சான்று சேரச் சேரப் பிரித்துத் தனிக் கட்டுரையாக்கலாம். சேர்த்ததும் ஒத்தாசைப் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். பதிப்பித்த பக்கத்தில் ஆட்கள் தாங்களாகவே எழுத்துப்பிழை, பகுப்பு, இணைப்பு எல்லாம் திருத்துவார்கள். மணல்தொட்டியில் அடுத்தவர் கை வைக்கக் கூச்சப்படுவார்கள்.

முத்தையன்கட்டு வாசி:

குளத்தைப் பிரிவாகச் சேர்த்துவிட்டேன் அண்ணை, மன்னர்கள் இல்லாமல். ஒருவர் வந்து இரண்டு பகுப்புச் சேர்த்து, "திருத்தப்பட்டன" என்பதற்குச் சான்று கேட்டுக் குறிச்சொல் போட்டிருக்கிறார். கைநூலைப் பார்க்கச் செயலகத்துக்குப் போக வேண்டும்.

படம் பற்றி ஒரு கேள்வி. குளம் வான் பாயும் படம் ஒன்று முகநூலில் நல்லதாக இருக்கிறது. எடுத்தவர் பெயரைப் போட்டுப் பாவிக்கலாமா?

மாங்குளம் சந்தி:

பெயர் போட்டால் போதாது. எடுத்தவரே விக்கியின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் கட்டற்ற உரிமத்தோடு ஏற்ற வேண்டும், அல்லது அந்த உரிமத்துக்கு அவர் எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். கைபேசியில் நீங்களே ஒன்று எடுத்து ஏற்றிவிடுங்கள், அது சுகம்.

வான்கதவு:

துருசும் தெரிகிற மாதிரி எடு பிள்ளை. எல்லோரும் வானைத்தான் எடுக்கிறார்கள்.