கடன் உள்ள நிறுவனத்துக்கும் இல்லாத நிறுவனத்துக்கும் ஒரே பி/இ பொருந்துமா?

லாபக்கணக்கு:
வட்டியைக் கழித்த பிறகு மிஞ்சும் நிகர லாபம்தான் பங்குதாரருக்கு உரியது. ஆகவே ஒரே துறையிலுள்ள நிறுவனங்களின் நிகர லாபத்தை ஒரே பி/இ விகிதத்தால் (பங்கு விலை ஒரு பங்கின் லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) பெருக்கினாலே ஈக்விட்டி மதிப்பு, அதாவது பங்குதாரருக்கு உரிய மதிப்பு, கிடைத்துவிடும். நிறுவனம் முழுவதையும் மதிப்பிட்டுவிட்டுப் பிறகு கடனைக் கழிப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

ஐந்தொகை:
சுற்றித் தொட்டாலும் அது மூக்கைத்தான் தொடுகிறது. வரியைச் சற்று ஒதுக்கிவைப்போம். இரு நிறுவனங்களின் செயல்பாட்டு லாபமும் (வட்டிக்கு முந்தைய லாபம்) 100. ஒன்றுக்குக் கடனே இல்லை, மற்றதற்கு 8 சதவீத வட்டியில் 500 கடன். பி/இ 10 என்றால் முதலாவதன் ஈக்விட்டி 1000. இரண்டாவதன் நிகர லாபம் 60, ஈக்விட்டி 600. கடனையும் சேர்த்தால் மொத்த மதிப்பு 1100. தொழிலும் வருவாயும் ஒன்றாக இருக்கையில், கூடுதல் 100 எங்கிருந்து முளைத்தது? கடன் ஏற ஏறப் பங்கின் இடர் கூடுவதால் இந்தக் கணக்கில் பி/இ இறங்கியாக வேண்டும். மொத்த மதிப்பு 1000 என்றால் ஈக்விட்டி 500. பி/இ சுமார் 8.3.

லாபக்கணக்கு:
வரியை ஒதுக்கியதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடன் நிறுவனத்தின் மொத்த மதிப்பை மாற்றாது என்று 1958இல் வரியில்லாத நிலைக்குப் பொருளியலாளர்கள் மோடிக்லியானியும் மில்லரும் சொன்னதை, வட்டியால் வரி மிச்சமாகிறது என்பதைக் கணக்கில் கொண்டு 1963இல் அவர்களே திருத்தினார்கள். கடன் மதிப்பைக் கூட்டத்தான் செய்யும்.

ஐந்தொகை:
25 சதவீத வரியைச் சேர்த்தே பார்ப்போம். நிகர லாபம் 75, 45. அதே பி/இ 10இல் ஈக்விட்டி 750, 450. கடனோடு சேர்த்தால் இரண்டாவது 950, அதாவது 200 அதிகம். கடன் என்றென்றும் நீடிக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், வரிச் சேமிப்பின் மதிப்பு 500இல் 25 சதவீதமான 125தான். மீதி 75 உங்கள் சூத்திரம் தானாக உண்டாக்கியது.

மாற்றுப்பத்திரம்:
இருவருமே கடனை ஒரே வகையாகக் கருதுகிறீர்கள். மொத்த மதிப்பு 1000, பங்குகள் 150, அதோடு 50 பங்குகளாக மாற்றத்தக்க 200 கடன் பத்திரம் என்று கொள்ளுங்கள். கடனாகக் கழித்தால் பங்கு விலை 5.33, அது மாற்று விலையான 4ஐ (200ஐ 50ஆல் வகுத்தது) தாண்டுவதால் பத்திரதாரர் மாற்றிக்கொள்வார். எனவே 1000ஐ 200 பங்குகளால் வகுத்து 5 என்பதே சரி. கடனையும் கழித்து, பங்குகளையும் கூட்டி 4 என்று போடும் அறிக்கைகள் ஒரே உரிமையை இருமுறை எண்ணுகின்றன.

லாபக்கணக்கு:
வங்கிக்கு என்ன செய்வீர்கள்? வைப்புத்தொகையைக் கடனென்று கழிப்பீர்களா?

ஐந்தொகை:
மாட்டேன். அங்கே வைப்புத்தொகை தொழிலின் மூலப்பொருள் என்பதால் ஈக்விட்டியை நேராகத்தான் மதிப்பிட வேண்டும். ஆனால் மூலதன விகிதம் (சொத்துகளில் சொந்த மூலதனத்தின் பங்கு) வேறுபடும் இரு வங்கிகளுக்கு ஒரே பி/இ போட்டால், நாம் மேலே பார்த்த அதே பிழை அங்கும் வரும்.